பன்னி மூட்டை

தன் வண்டியைப் பின்னாலிருந்து இடித்தவனிடம் தானே இறங்கிப் போய் மன்னிப்புக் கேட்ட மனிதர் ஒருவரைத்தான் என் வாழ்நாளில் பார்த்திருக்கிறேன். வானகரம் சிக்னலில் நடந்தது. என் தங்கை வீட்டுக்குப் போக வேண்டியிருந்ததால் அன்றைக்கு அவருடைய குட்டியானை லோடு வண்டியின் முன்சீட்டில் ஏறியிருந்தேன். சிவப்பு விழுந்ததும் ஒழுங்காகத்தான் நிறுத்தினார். பின்னால் வந்த ஷேர் ஆட்டோ டமால் என்று மோதியது. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நான் சண்டைக்கு இறங்குவதற்குள், அவர் ஆட்டோக்காரனின் தோளைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"பிரேக் லைட்டு எரியல போல கீது நைனா. நீ இன்னா பண்ணுவ? மிஷ்டேக்கு நம்மளுது, உடு."

பிரேக் லைட் நன்றாகத்தான் எரிந்தது. நான் இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னேன்.

"எரியுதுண்ணே."

"அப்ப மங்கலா எரிஞ்சிருக்கும், தங்கச்சி."

அதற்கு மேல் அவரிடம் என்ன பேசுவது? வழியெல்லாம் எனக்குத்தான் வயிறு எரிந்தது. அவர் பாட்டுக்கு மெட்ரோ வேலைக்காக அடைத்திருந்த தடுப்புகளுக்கு நடுவே வண்டியை ஓட்டிக்கொண்டு, குறுக்கே வந்தவர்களுக்கெல்லாம் கையைத் தூக்கி ஒரு கும்பிடு போட்டுக்கொண்டு வந்தார்.

அவர் பூந்தமல்லிக்கு அந்தப் பக்கம் வெள்ளைப் பன்றி வளர்த்துக்கொண்டிருந்தார். நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கடலைக் கம்பெனியில், பொறுக்கும் மேசைக்குப் பொறுப்பு. வேர்க்கடலை எங்களிடம் மூட்டை மூட்டையாக வரும். மேனாம்பேட்டிலிருந்து வருகிற பெண்கள்தான் பெரும்பாலும் மேசையில் நிற்பார்கள். பருப்பைப் பரப்பி, சொத்தை, சூம்பல், கறுத்தது எல்லாவற்றையும் கையால் பொறுக்கிப் போட்டுவிட்டுத்தான் வறுக்க அனுப்புவோம். வறுத்த பிறகு மிஷினில் விட்டால் சிவப்புத் தோல் ஒரு பக்கம் பறக்கும். பருப்பு இரண்டாகப் பிளக்கும்போது நடுவிலிருக்கும் முளை உதிரும், குருணை உதிரும், கருகல் தனியே நிற்கும். நல்லது மசாலாக் கடலைக்கும் கடலை மிட்டாய்க்கும் போய்விடும். மிச்சமெல்லாம் முன்பு பாய்லருக்குத்தான். இவர் ஒருநாள் வாசலில் வந்து நின்று, "பன்னிங்களுக்குப் போட்டுக்கறேன் சார், கொஞ்சம் குடுங்க" என்று கேட்ட பிறகுதான் அந்தக் கழிவுக்கு ஒரு மூட்டையும், அந்த மூட்டைக்கு ஒரு பெயரும் வந்தன. பன்னி மூட்டை என்போம்.

மக்காச்சோளம் விலை ஏறிப் போயிருந்த நேரம் அது. சோளமும் தவிடும் கலந்து போட்டுக்கொண்டிருந்தவர், சோளத்தில் ஒரு பங்கைக் குறைத்துவிட்டு அந்த இடத்தில் எங்கள் கழிவைச் சேர்த்தார். எண்ணெய்ச் சத்து இருப்பதால் பன்றிகள் நன்றாக உடம்பு வைத்தன என்று ரொம்பச் சந்தோஷமாகச் சொல்வார். அடுத்த நிமிடமே முகம் சுருங்கிவிடும்.

"ஆனா அதுங்க சோளத்துக்குப் பொறந்ததுங்க தங்கச்சி. நான்தான் வக்கில்லாம தோலைப் போடறேன்."

இதைச் சும்மா பேச்சுக்குச் சொல்கிறார் என்றுதான் நினைத்திருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை பண்ணையைப் பார்க்கப் போனபோதுதான் தெரிந்தது. தொட்டியில் தீனியைக் கொட்டிவிட்டு, அவர் ஓரமாக நின்று கை இரண்டையும் சேர்த்துக்கொண்டார்.

"மன்னிச்சுக்க நைனா. இன்னிக்கும் சோளம் கம்மிதான்."

பன்றிகள் அவரைத் திரும்பியும் பார்க்கவில்லை. தலையைத் தொட்டிக்குள் விட்டு மொச்சு மொச்சென்று தின்றுகொண்டிருந்தன. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அவருடைய மனைவி, நான் அண்ணி என்று கூப்பிடுவேன், தண்ணிக் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றவர் சிரிக்கவில்லை.

"நீ ஒரு நாளு பாக்குற, சிரிக்கிற. நான் தெனம் பாக்குறேன். மழ வரலன்னா இவரு மிஷ்டேக்கு, மழ வந்தா இவரு மிஷ்டேக்கு. பண்ணைக்குப் பக்கத்துல மனை போட்டாங்க இல்ல, அங்க ஊடு கட்டினு வந்தவங்க நாத்தம் தாங்கலன்னு சண்டைக்கு வந்தாங்க. நாங்க இங்க வந்து எத்தினி வருசம் ஆச்சு, அவங்க நேத்து வந்தவங்க. இவரு இன்னா பண்ணாரு தெரியுமா? நாங்கதான் தப்பான எடத்துல கட்டிட்டோம்னு சொல்லிட்டு, நல்ல ஷெட்டைப் பிரிச்சு அந்தக் கடைசில கொண்டு போய்ப் போட்டாரு."

"அவங்க கொழந்தைங்க வச்சிகினு கீறாங்க இல்ல" என்றார் அவர், மெதுவாக.

"நமக்குக் கொழந்தைங்க இல்லயா?" என்றார் அண்ணி. அதற்கும் அவர்தான் மன்னிப்புக் கேட்பார் போல முகத்தை வைத்துக்கொண்டார்.

ஒரே ஒரு தடவை தப்பு நிஜமாகவே அவருடையதாக இருந்தது. கழிவு நிறையக் கிடைக்கிறதே என்று சோளத்தைப் பாதிக்குப் பாதி குறைத்துவிட்டார். ஆவடியில் இறைச்சிக் கடை வைத்திருக்கிறவர் ஆள் அனுப்பிவிட்டார். கொழுப்பு கெட்டியாக நிற்கவில்லை, கத்தி வைத்தால் எண்ணெயாக இளகி வழிகிறது, இப்படிப்பட்ட பன்றி எனக்கு வேண்டாம் என்று. கடலையை அளவுக்கு மீறித் தின்ற பன்றிக்கு அப்படித்தான் ஆகுமாம். இவர் கடைக்குப் போய் நின்று திட்டு வாங்கிக்கொண்டு வந்தார். அதற்குப் பிறகு கடலையைக் குறைத்தார். விற்கிற பன்றிகளைக் கொஞ்ச காலம் முன்னதாகவே பிரித்து வெறும் சோளமும் தவிடும் மட்டும் போட்டார். இந்தக் கதையை எங்களிடம் சொன்னபோது அவர் முகத்தில் வருத்தமே இல்லை. பரீட்சையில் பாஸான ஆள் மாதிரி இருந்தார். அது ஏன் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

எங்கள் கம்பெனியில் அவரை நாங்கள் எப்படிப் பயன்படுத்திக்கொண்டோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். வறுவல் மாஸ்டர் ஒருநாள் போனில் ஏதோ வீடியோ பார்த்துக்கொண்டே நின்று ஒரு ஈடு முழுவதையும் கருக்கிவிட்டார். கரிந்த வாடை வாசல் வரைக்கும் வந்தது. முதலாளி அறையிலிருந்து கத்திக்கொண்டே வந்தார். மாஸ்டர் போனைச் சட்டைப் பைக்குள் ஒளித்துக்கொண்டார். மூட்டைக்காகக் காத்திருந்த இவர் முன்னால் வந்து நின்றார்.

"நான்தான் சார் அவராண்ட பேச்சு குடுத்துகினு இருந்தேன். மிஷ்டேக்கு நம்மளுது."

வெளியாள் என்பதால் முதலாளிக்கு அதற்கு மேல் கத்த வழியில்லை. "யோவ், மூட்டைய எடுத்தமா போனமான்னு இருக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். மாஸ்டர் இவருக்கு டீ வாங்கிக் கொடுத்தார். மேசைப் பெண்கள் வாயில் துணியை வைத்துக்கொண்டு சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன்.

அது எங்களுக்குப் பழக்கமாகிப் போனது. லேபிள் மாறி ஒட்டிவிட்டால், தராசு பழுதானால், கதவைத் திறந்து போட்டுவிட்டு எலி உள்ளே வந்தால், "பன்னிக்காரர் வந்திருந்தாரு சார், அந்தக் குழப்பத்துல" என்போம். அவர் வராத நாட்களில்கூட. அவர் காதுக்குப் போனாலும் இல்லை என்று சொல்ல மாட்டார் என்பது எல்லோருக்கும் தெரியும். ஒரு நல்ல மனிதர் இருக்கிற இடத்தில் மற்றவர்களுக்கெல்லாம் எவ்வளவு சுலபமாக முதுகெலும்பு இல்லாமல் போய்விடுகிறது என்று இப்போது யோசித்தால் வெட்கமாக இருக்கிறது. அப்போது வெட்கமாக இல்லை. வசதியாக இருந்தது.

பிறகு அந்த மழை வந்தது. எஸ்டேட்டுக்குள் தண்ணீர் நிற்பது ஒன்றும் புதிதில்லை. ஆனால் அந்தத் தடவை எங்கள் குடோனின் பின்சுவரில் ஈரம் ஏறி, சுவரோரம் அடுக்கியிருந்த வறுக்காத கடலை மூட்டைகள் அடியிலிருந்து நனைந்துவிட்டன. பிரித்துப் பார்த்தபோது பருப்பில் பச்சையும் கறுப்புமாகப் பூஞ்சை. முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டார். தூக்கி எறிய அவருக்கு மனம் வரவில்லை. எங்களிடம் வாங்குகிறவர்கள் கடலையைச் சோதித்துப் பார்த்துத்தான் எடுப்பார்கள். அதனால், "ஒரு சொத்தை இருக்கக் கூடாது. கண்ணுல விளக்கெண்ணெய் ஊத்திட்டுப் பொறுக்குங்க" என்றார்.

பொறுக்கினோம். அத்தனை சுத்தமாக நாங்கள் அதற்கு முன்னால் பொறுக்கியதே இல்லை. கொஞ்சம் நிறம் மாறியிருந்தால்கூட எடுத்துப் போட்டோம். மனிதர்கள் தின்கிற கடலை பளிச்சென்று வந்தது. பொறுக்கிப் போட்ட விஷமெல்லாம் எங்கே போனது? பன்னி மூட்டைக்குத்தான். வழக்கமாகத் தோலும் முளையும் குருணையுமாக இருக்கிற மூட்டையில், அந்த வாரம் முக்கால்வாசி பூஞ்சைக் கடலை. நாங்கள் எவ்வளவுக்கு எவ்வளவு ஒழுங்காக வேலை பார்த்தோமோ அவ்வளவுக்கு அவ்வளவு அந்த மூட்டை கெட்டது. இதை யாரும் உட்கார்ந்து திட்டம் போட்டுச் செய்யவில்லை. எப்போதும் கட்டுகிற மூட்டையை எப்போதும் போலக் கட்டினோம், அவ்வளவுதான்.

வாடை எனக்குத் தெரிந்தது. முதலாளியிடம் சொன்னேன். "பன்னிக்குத்தானேம்மா" என்றார். அண்ணன் வந்து மூட்டைகளை வண்டியில் ஏற்றியபோது அவரிடமும் சொன்னேன்.

"அண்ணே, மூட்டை ஒரு மாதிரி மக்கின வாடை அடிக்குது. பாத்துப் போடுங்க."

அவர் மூட்டையில் மூக்கை வைத்துப் பார்த்தார். பிறகு வண்டியின் மேல் கட்டியிருந்த தார்ப்பாயைப் பார்த்தார். அதில் நாலைந்து ஓட்டை.

"என் தார்ப்பாயிதான் சரியில்ல தங்கச்சி. போன லோடும் வழியில நனைஞ்சிருக்கும். வண்டியெல்லாம் அந்த வாடைதான் கீது. மிஷ்டேக்கு நம்மளுது. நல்லா காய வச்சுப் போட்டுடறேன்."

நான் ஒன்றும் சொல்லவில்லை. இல்லண்ணே, இங்கேயே நனைந்தது, எங்கள் சுவரோரத்தில் நனைந்தது என்று சொல்ல ஒரு மூச்சு போதும். முதலாளி அறைக் கதவு திறந்திருந்தது. அண்ணனும் வழக்கம் போலத் தப்பை வாங்கிக்கொண்டார். எனக்கு அப்பாடா என்று இருந்தது, உண்மையைச் சொன்னால். அவர் மட்டும் தப்பு எங்களுடையது என்று நினைத்திருந்தால் அந்த மூட்டையை அப்படியே குப்பையில் கொட்டியிருப்பார். தன்னுடையது என்று நினைத்ததால், கிடைத்த ஒன்றிரண்டு வெயிலில் பரப்பிப் பொறுப்பாகக் காயவைத்து, தொட்டியில் போட்டார். பூஞ்சையின் நஞ்சு வெயிலில் காய்ந்தால் போகாது என்பது எங்கள் இரண்டு பேருக்குமே தெரியாது.

அடுத்தடுத்து இரண்டு லோடு எடுத்துப் போனார். பிறகு ஆளைக் காணோம். ஒருநாள் மதியம் சாப்பாட்டு நேரத்தில் அண்ணி போன் செய்தார்.

"பன்னிங்க ஒண்ணும் தின்ன மாட்டேங்குது. கண்ணெல்லாம் மஞ்சளா ஆயிட்ச்சு. ஆறு தாய்ப்பன்னில மூணு பூட்ச்சு. ரெண்டுக்குக் குட்டிங்க செத்துப் பொறந்துச்சு. டாக்டரு வந்து செத்ததை அறுத்துப் பாத்தாரு. ஈரல் கெட்டுப் போச்சு, பூஞ்சை புடிச்ச கடலையா போட்டீங்கன்னு கேட்டாரு. இந்த ஆளு இன்னா சொல்றாரு தெரியுமா? தார்ப்பாயி ஓட்டயாம்."

நான் போனோடு எழுந்து வாசல் பக்கம் போனேன்.

"இப்ப புதுத் தார்ப்பாயி வாங்கி வச்சிகினு நாளைக்கு லோடு எடுக்க அங்க வராரு. இனிமே நனையாது, ஒண்ணும் ஆவாதுங்கறாரு. நல்லா கீறது ஒண்ணே ஒண்ணுதான், அதுவும் நெற சென. நீ சொல்லும்மா. மூட்டை எங்க நனைஞ்சுது?"

"இங்கதான் அண்ணி" என்றேன்.

திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"அத்த அவராண்ட சொல்லு. நான் சொன்னா நம்ப மாட்டாரு" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

மறுநாள் காலையில் அவர் வந்தார். புது நீலத் தார்ப்பாய், மடிப்புக்கூடக் கலையாமல் வண்டியின் மேல் பளபளத்தது. ஆள் பாதியாகியிருந்தார். என்னைப் பார்த்ததும் எதுவும் நடக்காதது போல, "இன்னா தங்கச்சி, மூட்டை ரெடியா கீதா?" என்றார். அவருக்காகக் கட்டி வைத்த மூட்டைகள் சுவரோரம் இருந்தன. அதே நனைந்த கடலையில் பொறுக்கியவைதான். அவர் ஒன்றைத் தூக்கக் குனிந்தார்.

"வேண்டாம்ணே. தூக்காதீங்க. தப்பு எங்க மேல. மூட்டை இங்கயேதான் நனைஞ்சுது."

"சேச்சே. நீ இன்னா பண்ணுவ? அந்தத் தார்ப்பாயி..."

சத்தம் கேட்டு முதலாளி வெளியே வந்தார். "அவரே தார்ப்பாய்னு சொல்றாரு. நீ ஏம்மா அதை இழுத்து நம்ம தலையில போட்டுக்கற? ஏத்தி அனுப்பு" என்றார்.

உடனே இவர் என்னைக் காப்பாற்றக் கிளம்பிவிட்டார். "நான்தான் சார் தங்கச்சியக் கொழப்பிட்டேன். இதோ ஏத்திடறேன்" என்று மூட்டையை முதுகில் ஏற்றிக்கொண்டார். அந்த ஒரு நொடியில் எனக்கு அவர் மேல் வந்த கோபம் இருக்கிறதே, முதலாளி மேல்கூட அவ்வளவு வரவில்லை. அங்கே மூட்டை பிரிக்கிற கத்தி கிடந்தது. அதை எடுத்து அவர் முதுகில் இருந்த மூட்டையின் வாயைக் கிழித்தேன். கடலை சரசரவென்று தரையில் கொட்டியது. பச்சையும் கறுப்பும், நூலாம்படை படர்ந்ததுமாக.

"நல்லாப் பாருங்கண்ணே. இது இன்னும் உங்க வண்டியில ஏறவே இல்ல. உங்க தார்ப்பாய்க்குக் கீழ வரவே இல்ல. இது எப்படி நனைஞ்சுது, சொல்லுங்க."

மேசைப் பெண்கள் எல்லோரும் எழுந்து வந்து நின்றார்கள். அவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். ஒரு கடலையை எடுத்து விரல் நடுவே வைத்து உடைத்தார். உள்ளேயும் கறுப்பு. இன்னொன்றை உடைத்தார். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எப்படியாவது இதில் தன் பங்கு ஒன்று இருக்கிறதா என்று தேடிக்கொண்டிருந்தார்.

"நான் சீக்கிரமா வந்து எடுத்துனு போயிருந்தா..."

"அப்பவும் இப்படித்தாண்ணே இருந்திருக்கும். அதுக்கு முன்னாடியே நனைஞ்சிடுச்சு. எனக்குத் தெரியும். அன்னிக்கே தெரியும்."

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"நம்ம மிஷ்டேக்குன்னா நாம திருத்திக்கலாம் தங்கச்சி. உங்க மிஷ்டேக்குன்னா நான் இன்னா பண்ண முடியும்?"

கேட்டுவிட்டு நிஜமாகவே பதிலுக்குக் காத்திருந்தார். இத்தனை வருஷமாக அவர் ஊரார் தப்பையெல்லாம் ஏன் வாங்கிக்கொண்டார் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. அவருக்குத் திருத்தத் தெரியும். கொழுப்பு இளகினால் கடலையைக் குறைப்பார், நாற்றம் அடித்தால் ஷெட்டைப் பிரிப்பார், நனைந்தால் தார்ப்பாய் வாங்குவார். அடுத்தவன் தப்பு என்றால் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். அதுதான் அவருக்கு முடியாத காரியம். நாங்களோ அதையே பிடித்துக்கொண்டு அவர் முதுகில் ஏறிக்கொண்டோம்.

"ஒண்ணும் பண்ண வேண்டாம்ணே. போட்டுடாதீங்க, அது போதும்" என்றேன்.

அவர் எழுந்தார். கையில் ஒட்டியிருந்த பூஞ்சையை வேட்டியில் துடைத்தார். அவருக்குக் கோபம் வந்து நான் பார்த்ததில்லை. அதனால் அவர் பேச வாயெடுத்தபோது அழப்போகிறார் என்று நினைத்தேன்.

"தெனம் தொட்டியாண்ட நின்னு கையெடுத்துக் கும்புட்டுகினு கீறேன். செத்துகினு இருக்கச்ச அதுங்க மூஞ்சப் பாத்து மன்னிச்சுக்கன்னு சொன்னேன். நீ அன்னிக்கே தெரியும்ன்ற. நீங்க கேக்க வேண்டிய மன்னிப்ப என்னைக் கேக்க உட்டீங்களே!"

என்னிடம் மட்டும் இல்லை. முதலாளியைப் பார்த்து, மாஸ்டரைப் பார்த்து, வரிசையாக எல்லோரையும் பார்த்துச் சொன்னார். புதுத் தார்ப்பாய் படபடக்கக் காலி வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அந்த மூட்டைகளை அன்றைக்கே பாய்லரில் போட்டோம். முதலாளி தடுக்கவில்லை. அதற்குப் பிறகு சொத்தைக் கடலையைத் தனியாகக் கட்டி எரித்துவிடுகிறோம், எந்தப் பிராணிக்கும் கொடுப்பதில்லை. இதில் பெருமைப்பட்டுக்கொள்ள ஒன்றும் இல்லை. செத்த மூன்றுக்கும் அந்தக் குட்டிகளுக்கும் பிறகுதான் செய்தோம்.

நான் பண்ணைக்குப் போகவில்லை. போகக் கால் வரவில்லை. கொஞ்ச நாள் கழித்து மனம் தாங்காமல் அண்ணிக்குப் போன் செய்தேன். அந்தச் சினைப் பன்றி ஈன்றுவிட்டதாம். ரெண்டு தங்கவில்லை, மீதிக் குட்டிகள் பால் குடிக்கின்றனவாம். அண்ணன் சோளம் மட்டும்தான் போடுகிறாராம், கடலை என்றால் தோலைக்கூட உள்ளே விடுவதில்லையாம்.

"அண்ணன் எப்படி இருக்காரு?" என்று கேட்டேன்.

"அவரா? தெனம் தொட்டியாண்ட நின்னு உங்களைத் திட்டிகினு கீறாரு. வாய்ல வராத பேச்செல்லாம் வருது" என்றார் அண்ணி. அவர் குரலில் சந்தோஷம் இருந்தது போல எனக்குப் பட்டது.

பின்னால் அண்ணனின் குரல் கேட்டது. "யாரு போன்ல? அந்தக் கடலைக் கம்பெனிக்காரங்களா? வைடி போனை!"

போனைக் காதில் அழுத்திக்கொண்டேன். என்ன திட்டுகிறார் என்று முழுவதும் கேட்க வேண்டும் போல இருந்தது. அதற்குள் அண்ணி வைத்துவிட்டார்.